மணலின்மேல் வைக்கப்பட்ட கல்



நம் பிள்ளைகளின் படிப்புக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம். அவர்களுடைய வேலைக்காகவும் திருமணத்துக்காகவும் கண்ணீரோடு விண்ணப்பம்பண்ணுகிறோம். ஆனால் அவர்களுடைய விளையாட்டைக் குறித்து நாம் தேவசமுகத்தில் பேசுவதுண்டா? விளையாட்டு என்றதும், ஒன்று ‘வேண்டாம்’ என்று கதவை அடைத்துவிடுகிறோம். அல்லது ‘எப்படியோ போகட்டும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே, விசாரித்து, ஜெபித்து, உடன் செல்லுகிற வழியொன்று உண்டு. அந்த வழியில் எங்கள் குடும்பம் நடந்ததையும், புதுச்சேரிக் கடலின் அடியில் இருக்கும் ஒரு கற்குவியல் எங்களுக்குப் போதித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தில்லிவாசிகளாகிய நமக்குக் கடல் தூரமானது. யமுனைப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலை மூடிக்கொள்கிறோமே தவிர, நீரை நின்று பார்ப்பதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கடல் என்பது கோடைவிடுமுறையில் இரண்டு நாள் மெரினாவில் கால் நனைப்பதுதான். அப்படி வளர்ந்த என் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், ஒருநாள் இரவு சாப்பாட்டு வேளையில், “அம்மா, நான் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

அதன் காரணத்தை நான் சொல்லியாக வேண்டும். நான் நாகப்பட்டினத்துக்கு அருகே ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தவள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள், ஆழிப்பேரலை எங்கள் கரையில் ஏறியது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். என் தம்பி அவர்களில் ஒருவன். அவனுடைய சரீரம் கிடைக்கவில்லை. மறுவருஷம் திருமணமாகி நான் தில்லிக்கு வந்தேன். அதன்பின் ஊருக்குப் போனதுண்டு. ஆனால் கடற்கரைக்குப் போனதில்லை. என் தாயார் இன்றுவரை கடல் தெரியும் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. இப்படிப்பட்ட வீட்டுப் பெண், கடலுக்குள் இறங்கட்டுமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

போதகரின் இரண்டு கேள்விகள்

எங்கள் சபையில் இதைப் பகிர்ந்துகொண்டபோது, மூப்பர் ஒருவர் அன்போடு சொன்னார்: “சகோதரி, இது தேவனைப் பரீட்சை பார்ப்பதல்லவா? தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன பிசாசுக்கு நம் ஆண்டவர் இணங்கவில்லையே!” அவர் கேட்டதில் நியாயம் உண்டு, நான் அதை இலேசாக எண்ணவில்லை.

எங்கள் போதகர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் ஜெபித்த பின்பு, இரண்டு கேள்விகளைக் கேட்டார். “கற்றுக்கொடுக்கிறவர் யார்? உடன் இறங்குகிறவர் யார்? இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால், அது குதித்தல் அல்ல, இறங்குதல்” என்றார். பின்பு உபாகமம் 22-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காண்பித்தார். புதுவீடு கட்டுகிறவன், மாடியிலிருந்து யாரும் விழுந்துவிடாதபடி அதைச் சுற்றிலும் தடுப்பு எழுப்ப வேண்டும் என்பது அங்கே உள்ள கட்டளை. மாடியே கட்டாதே என்று தேவன் சொல்லவில்லை; தடுப்போடு கட்டு என்றே சொல்லியிருக்கிறார். ஆகவே நாங்கள் தடுப்பைக் குறித்து விசாரிக்கப் புறப்பட்டோம்.

குளத்தில் கற்ற பிரமாணங்கள்

கடலே இல்லாத தில்லியில் இந்தப் பயிற்சி நடக்கிறது என்பது உங்களில் அநேகருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். முதலில் பாடமும் பரீட்சையும். பின்பு நீச்சல்குளத்தில் பயிற்சி. கடைசியாகத்தான் கடலில் நான்கு முறை இறங்கவேண்டும். முதல் இரண்டையும் இங்கேயே முடித்துவிட்டு, கடலுக்கு மட்டும் அந்தமானுக்கோ கோவாவுக்கோ புதுச்சேரிக்கோ போகிறார்கள். தொடங்குமுன் உடல்நிலை குறித்த நீண்ட கேள்வித்தாள் ஒன்றைத் தருகிறார்கள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, காதுநோய் என்று எதற்கேனும் ‘ஆம்’ என்று எழுதினால், மருத்துவரின் சம்மதம் இல்லாமல் தண்ணீரில் இறக்குவதில்லை. இந்தப் படிப்பின் முதல் நிலையை முடித்தவர்களுக்கு 18 மீட்டர் ஆழமே எல்லை.

செப்டம்பர் மாதம் குளத்தில் பயிற்சி நடந்தபோது, நான் கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தேன். முதுகில் கட்டும் கலனில் பிராணவாயு மட்டுமே இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்ல, நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி, மிகுந்த அழுத்தத்தில் அடைக்கிறார்கள். வாயில் கவ்வியிருக்கும் கருவி, நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்குத் தக்க அழுத்தத்தில் காற்றைத் தருகிறது.

அவர்களுடைய முதல் பிரமாணம் எது தெரியுமா? மூச்சை அடக்காதே என்பதுதான். நம் தென்கடலில் முத்துக்குளித்தவர்களும் சங்குகுளித்தவர்களும் மூச்சை அடக்கியே ஆழத்துக்குப் போனார்கள். நாமும் ஞானஸ்நானத் தொட்டியில் முழுகும்போது ஒரு கணம் மூச்சை அடக்குகிறோம். ஆனால் கலனோடு இறங்குகிறவர்கள் அப்படிச் செய்யலாகாது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும், தரையில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமமான இன்னொரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். வாங்கியதை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். விட்டால்தான் அடுத்ததை வாங்க முடியும்.

இரண்டாவது பிரமாணம், தனியே இறங்காதே என்பது. இருவர் இருவராகவே இறங்குகிறார்கள். இறங்குமுன் ஒருவருடைய கருவிகளை மற்றவர் சோதிக்கிறார். ஒவ்வொருவரிடத்திலும் தனக்கு ஒரு வாய்க்கருவியும், அதே கலனிலிருந்து பிறருக்குக் கொடுப்பதற்கென்று இன்னொன்றும் இருக்கின்றன. அந்த இரண்டாவது கருவி, எளிதாகக் கண்ணில் படும்படி பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. என் மகள் குளத்தின் அடியில் மண்டியிட்டு, ‘காற்று இல்லை’ என்று சைகை காட்ட, கூட இருந்த பெண் தன்னுடையதை எடுத்து நீட்டினாள். தம்முடைய சீஷர்களை இருவர் இருவராக அனுப்பின ஆண்டவரை நான் அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, மேலே வரும்போது அவசரப்படாதே என்பது. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிஞ்சாமல் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று, பிறகே வெளியே வரவேண்டும். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சிறிது சிறிதாக வெளியேறுவதற்கு அந்த அவகாசம். கட்டைவிரலை உயர்த்திக் காண்பித்தால் நமக்கு ‘நன்று’ என்று அர்த்தம்; அவர்களுக்கோ ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். ‘நன்று’ என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்கிறார்கள். பிசகின்றி, ஒருவரையொருவர் கவனித்துச் செய்யும் ஒழுக்கம் அது.

போதகரின் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது. நானும் உடன் வருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். ஹோலி விடுமுறையில், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கும் போனோம்.

பார் என்பது என்ன?

புதுச்சேரியை நாங்கள் தெரிந்துகொண்டதற்கு அங்கே இருக்கும் ஒரு செயற்கைப் பார் காரணம். பார் என்ற சொல் நம் கடலோர மக்களுக்குப் பழக்கமானது. கடலடியில் பாறையும் பவளமும் சேர்ந்து, மீன்கள் தங்கும் மேட்டுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பிகள் விளைந்த இடங்களை முத்துப்பார் என்பார்கள்.

வங்கக் கடலின் அடிப்பகுதி பல இடங்களில் வெறும் மணலும் சேறும்தான். நீரோட்டத்தில் மிதந்துவரும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்க் குஞ்சுகள், அதாவது பவளம், சிப்பி, கடற்பஞ்சு முதலியவற்றின் குஞ்சுகள், ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான இடத்தைத் தேடுகின்றன. புரளுகிற மணல் அவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. ஒட்ட இடமில்லாதவை அழிந்துபோகின்றன. அந்த மணலின்மேல் கனமான ஒரு கல்லை வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் பாசியும் அதன்மேல் படருகின்றன. பின்பு கொட்டலசும் சிப்பியும் ஒட்டுகின்றன. அவற்றைத் தின்னச் சிறுமீன்கள் வருகின்றன; சிறுமீன்களைத் தேடிப் பெருமீன்கள் வருகின்றன. வெறுமையாயிருந்த இடம் ஊராகிவிடுகிறது.

இது மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பு மாத்திரமல்ல. தென்கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் உள்ள மீனவர்கள், கல்லையும் மரத்தையும் தென்னையின் பாகங்களையும் கடலில் இறக்கி மீன்களுக்கு இருப்பிடம் உண்டாக்கும் வழக்கமுடையவர்கள். பிற்காலத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், முக்கோண வடிவிலும் வளைய வடிவிலும் கான்கிரீட் கூடுகளைச் செய்து, மீனவர்களின் ஆலோசனையோடு தமிழகக் கரையில் இறக்கியது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ், நாம் வசிக்கும் இதே தில்லியிலுள்ள மத்திய மீன்வளத் துறை, கடலோர மாநிலங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட செயற்கைப் பார்களுக்கு அனுமதி வழங்கியிருக்கிறது.

தூத்துக்குடிக்கு அருகே வான்தீவு என்று ஒரு சிறு தீவு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அது ஒன்று. அங்கே முற்காலத்தில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததினால் அலைகளைத் தடுக்க அரண் இல்லாமல் போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன. வான்தீவும் கரைந்துகொண்டிருந்தது. 2015 முதற்கொண்டு அதைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் கூடுகள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணித்து, மீன்களுக்கும் பவளங்களுக்கும் தங்குமிடமாகவும் இருக்கின்றன.

புதுச்சேரியின் பாரோ மீன்பிடிப்புக்காக அல்ல, முக்குளிக்கிறவர்களுக்காக 2013-இல் உண்டாக்கப்பட்டது. டெம்பிள் ரீஃப் என்பது அதன் பெயர். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில், 18 மீட்டர் ஆழத்தில், கான்கிரீட் கட்டிகளையும் பாறைகளையும் மரங்களையும் இரும்புக் கம்பிகளையும் பனையோலைகளையும் கொண்டு அமைத்திருக்கிறார்கள். கட்டிடம் கட்டுகிறவர்களுக்கு வேண்டாததாய்ப் போனவை அங்கே மூலைக்கல்லாய் இருக்கின்றன என்று நான் சொன்னால், வேதம் அறிந்த நீங்கள் புன்னகை செய்வீர்கள்.

படகில் காத்திருந்த வேளை

முதல் மூன்று இறக்கங்களும் கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக முடிந்தன. அவை நடந்தபோது நான் விடுதி அறையில் முழங்காலில் இருந்தேன். நான்காவது இறக்கம் அந்தப் பாரில். அன்றைக்குப் படகில் ஏறினேன். இருபது வருஷங்களுக்கு மேலாக நான் கடல்நீரைத் தொட்டதில்லை. படகு துறைமுக வாயைக் கடந்தபோது, இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு ‘இயேசுவே, இயேசுவே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

என் மகளும், அவளுக்குத் துணையாகச் சென்னையைச் சேர்ந்த ஒரு மாணவியும், பயிற்சியாளரும் பின்புறமாகச் சாய்ந்து நீரில் விழுந்தார்கள். விரல்களை வளையமாக்கி என்னிடம் காட்டினாள். பின்பு தலை மறைந்தது.

அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் குமிழிகள் மட்டுமே. மூன்று இடங்களில், கைப்பிடியளவு வெள்ளைக் குமிழிகள் எழும்பி வெடித்தன, நின்றன, மறுபடியும் எழும்பின. படகோட்டி ஒரு முதிய மீனவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாதம்மா. குமிழி வருது பாரு, பிள்ள மூச்சு விடுதுன்னு அர்த்தம்” என்றார். நாற்பது நிமிஷம் நான் அந்தக் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். விசுவாசம் என்பதைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். காணாதவற்றுக்கு அடையாளமாகக் கையில் இருப்பது இவ்வளவுதான், ஆனால் இது போதும் என்பதை அன்று அந்த மனிதர் எனக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அவர் பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். “முன்னால இது வெறும் மணலும்மா. வல போடாமத் தாண்டிப் போற இடம். பாரு இருக்கிற இடந்தான் மீனுக்கு ஊரு” என்றார்.

மகள் படகில் ஏறி, முகமூடியைக் கழற்றி, தண்ணீர் குடித்தபின், பார்த்தவற்றை மூச்சுவிடாமல் சொன்னாள். கான்கிரீட் என்றே தெரியாதபடி கட்டிகளின்மேல் கடற்பஞ்சும் சிப்பியும் மூடியிருந்தனவாம். சங்கரா மீன்கள் கூட்டமாக ஒரே திசையில் திரும்பினவாம். ஒரு துளைக்குள் களவா மீன் ஒன்று வீட்டுக்காரரைப்போல் வாசலில் நின்று முறைத்ததாம். “அம்மா, ஒவ்வொரு பொந்திலும் ஒரு குடித்தனம் இருக்கிறது!” என்றாள்.

பிறகு அவள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். தாழ்ந்த குரலில், “கீழே நான் மாமாவை நினைத்தேன் அம்மா. அங்கே இருட்டாயில்லை” என்றாள்.

பிரியமானவர்களே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இருபது வருஷங்களாக என் மனதில் கடலின் அடி என்பது கரிய இருள். என் தம்பியை நான் அந்த இருளில்தான் விட்டுவைத்திருந்தேன். அவன் மாமா முகத்தைப் படத்தில் மட்டும் கண்ட என் மகள், பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குப் போய், அங்கே பச்சையும் நீலமும் கலந்த வெளிச்சம் இருக்கிறது என்று சாட்சி கொண்டுவந்தாள். 139-ஆம் சங்கீதத்தில் தாவீது, சமுத்திரத்தின் கடைக்கோடிக்குப் போனாலும் தேவனுடைய கை அங்கே இருக்கிறது என்றும், இருள் அவருக்கு இருளல்ல என்றும் அறிக்கையிடுகிறான். நான் மனப்பாடமாய் அறிந்த சங்கீதம் அது. கடல் தன்னிடம் உள்ள மரித்தோரைத் திரும்பக் கொடுக்கும் நாளொன்று உண்டென்றும் நாம் விசுவாசிக்கிறோம். அந்த நாள்வரைக்கும் அவன் வெளிச்சத்துக்கு மறைவானவன் அல்ல.

அன்று மாலை ஊருக்குத் தொலைபேசியில் பேசி, என் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “பிள்ளை சாப்பிட்டாளா?” என்று மட்டும் கேட்டார்கள். பயமெல்லாம் நீங்கிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. கடற்காற்று மேலே பட்டால் என் கைகள் இன்றும் குளிர்ந்துபோகின்றன. ஆனால் பயத்தோடுகூட இப்போது ஒரு வெளிச்சமும் எனக்குள் இருக்கிறது.

டயர்களின் கதை

தில்லிக்குத் திரும்பும் வழியில் மகள் இன்னொரு சம்பவத்தைச் சொன்னாள். கடலில் எதைப் போட்டாலும் பாராகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகரத்துக்கு எதிரே, 1972-இல் ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். மீன்களுக்கு வீடும் ஆயிற்று, குப்பையும் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். நடந்தது என்ன? கட்டியிருந்த கயிறுகளும் உலோகப் பிணைப்புகளும் அறுந்துபோயின. இலேசான டயர்கள் புயலில் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கையான பவளப்பாறைகளின்மேல் மோதி அவற்றையும் நாசமாக்கின. அசைந்துகொண்டே இருந்த டயரில் எந்த உயிரும் நிலையாக ஒட்டவில்லை. 2000-ஆம் ஆண்டுகளில் இராணுவத்தின் முக்குளிப்போர் இறங்கி அவற்றைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார்கள். அது வருஷக்கணக்கில் நீடித்த வேலையாயிற்று.

புதுச்சேரியின் கட்டிகளும் வேண்டாதவைதாம். ஃபுளோரிடாவின் டயர்களும் வேண்டாதவைதாம். ஒன்று ஊராயிற்று, ஒன்று கேடாயிற்று. வித்தியாசம் எங்கே? பாராகவேண்டிய பொருளுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். முதலாவது, அலை வந்தாலும் அசையாத கனம். இரண்டாவது, உள்ளே பிறர் வந்து தங்குவதற்கு இடம். அதாவது பொந்துகள், இடைவெளிகள். கனம் மட்டும் இருந்து இடம் இல்லையென்றால் அது வெறும் பாறாங்கல். இடம் மட்டும் இருந்து கனம் இல்லையென்றால் அது உருளும் டயர்.

நாம் வைக்கும் கல்

இந்த மாநகரத்துக்கு நாமெல்லாரும் நீரோட்டத்தில் வந்தவர்கள் அல்லவா? யாரோ வேலை சொன்னார்கள், யாரோ ரயில் ஏற்றிவிட்டார்கள். மொழி தெரியாமல், குளிர் தாங்காமல், புது தில்லி நிலையத்தில் இறங்கினோம். 2005-இல் துக்கத்தோடு வந்த எனக்கு, ஒரு வாடகை மாடியில் கூடிய முப்பது பேர் கொண்ட தமிழ்ச் சபை ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தது. ஒரு சகோதரி எனக்கு இந்தியில் காய்கறிப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். இன்னொருவர், என் பிரசவத்தின்போது நாற்பது நாள் ரசம் வைத்துக் கொண்டுவந்தார். அவர்கள் ஊழியக்காரர்கள் அல்ல, பெயர்பெற்றவர்கள் அல்ல. அசையாமல் இருந்தார்கள், தங்களுக்குள் இடம் வைத்திருந்தார்கள்.

இன்றைக்கும் ஒட்ட இடம் தேடுகிறவர்கள் உண்டு. ஜங்புராவுக்கு அருகே, பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில், ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நம் தமிழ் ஜனங்கள் வாழ்ந்த மதராசி முகாம், நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி அகற்றப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இடம் நகரத்தின் வடகோடியான நரேலா. வேலை செய்த வீடுகளும் பிள்ளைகளின் பள்ளிகளும் தெற்கே, புதுவீடோ தொலைதூரத்தில். மற்றவர்கள் அங்கங்கே சிதறிப்போனார்கள். உங்கள் சபையிலிருந்து நரேலாவுக்கு எத்தனை பேர் போய்வந்தீர்கள்? ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு குடும்பமாவது அங்கே சென்று, ஒரு வீட்டில் பாயை விரித்து, வேதத்தைத் திறந்து, பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டு, சோறு பகிர்ந்து உண்டால், அது மணலின்மேல் வைக்கப்பட்ட ஒரு கல். மறுவாரமும் அதே வீட்டுக்குப் போங்கள். அதற்கு அடுத்த வாரமும் போங்கள். அசைகிற கல்லில் ஒன்றும் ஒட்டாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாளை வந்து, மலை ஏறட்டுமா, கடலில் இறங்கட்டுமா என்று கேட்டால், கற்றுக்கொடுக்கிறவர் யார், உடன் இறங்குகிறவர் யார் என்று கேளுங்கள். தடுப்பு உண்டா என்று விசாரியுங்கள். கூடுமானால் படகுவரையிலாவது உடன் போங்கள். அவர்கள் ஆழத்திலிருந்து என்ன வார்த்தையைக் கொண்டுவருவார்கள் என்பது நமக்குத் தெரியாது. நமக்குத் தேவையான வார்த்தையாகவே அது இருக்கக்கூடும்.

வாலிபப் பிள்ளைகளே, வாங்கின மூச்சை அடக்கிக்கொள்ளாதீர்கள். உங்களிடம் உள்ள இரண்டாவது வாய்க்கருவி பிறருக்கானது என்பதை மறவாதிருங்கள்.

தண்ணீரின் ஆழத்திலும் தம்முடைய பிள்ளைகளைக் காண்கிற கர்த்தர், உங்கள் குடும்பங்களை அசையாதவைகளாகவும், அந்நியருக்கு இடம் உள்ளவைகளாகவும் இந்த நகரத்தில் நிலைநிறுத்துவாராக. ஆமென்.

— சகோதரி ஒருவர், புது தில்லி